துருவேறிய தேவதூதனும் பட்டுக் கொடிகளும்

சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் காணாத தமிழர் மிகச் சிலரே இருப்பர். பெரும்பாறை ஒன்றை நான்கு தொழிலாளர் நெம்பிப் புரட்டும் அக்காட்சியை வெண்கலத்தில் வடித்துத் தந்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. 1959-ஆம் ஆண்டில் அது மெரீனாவில் நிறுவப்பெற்றது. பிழைப்பை நாடி ஜாம்ஷெட்பூருக்கும் பிலாய்க்கும் மும்பைக்கும் சென்று குடியேறிய நம்மவர், விடுமுறையில் ஊர் திரும்பும்போது குழந்தைகளை அழைத்துச் சென்று அதைக் காட்டி மகிழ்வதுண்டு. அந்நால்வரும் எந்தத் தொழிலைச் சேர்ந்தவர், எந்த ஊரார் என்று எவரும் வினவுவதில்லை. வினவவும் தேவையில்லை. உழைப்பு என்னும் பொதுப்பொருளுக்கு எடுத்த சிலை அது.

இன்று நான் சொல்லப் புகுவது வேறொரு வகையைச் சேர்ந்த சிலைகளைப் பற்றி. குறிப்பிட்ட ஒரு நிலப்பகுதி; அதற்கே உரிய தொழில்கள்; அத்தொழில்கள் மாண்டு மறைந்தபின் அவற்றை நினைவூட்டும்பொருட்டு அந்த மண்ணிலேயே எழுந்த சின்னங்கள். அப்பகுதி இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், டைன், வேர், டீஸ் என்னும் மூன்று ஆறுகள் கடலோடு கலக்கும் இடம். அங்கே சிலை வைப்பதா, வேண்டாமா என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டிருக்கிறார்கள். அச்சண்டையில் நமக்கும் அக்கறை உண்டு என்பது என் எண்ணம்.

கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்று நாம் கேட்போம். அதே கருத்துக்கு ஆங்கிலேயர், நியூகாசில் நகருக்கு நிலக்கரி சுமப்பதா என்று கேட்பார்கள். டைன் நதிக்கரையிலுள்ள நியூகாசிலும், எதிர்க்கரையிலுள்ள கேட்ஸ்ஹெட்டும், தெற்கே டர்ஹாம் மாவட்டமும் நிலக்கரியின் மேல் அமர்ந்த ஊர்கள். லண்டன் மாநகரின் அடுப்புகள் பல நூற்றாண்டுகள் இங்கிருந்து கப்பலேறிய கரியைக் கொண்டே எரிந்தன. கரியை ஆற்றங்கரைக்கு இழுத்து வர மரத் தண்டவாளம் போட்டார்கள். மரம் இரும்பாயிற்று; குதிரையின் இடத்தில் நீராவி இயந்திரம் வந்தது. 1825 செப்டம்பர் 27-ஆம் நாள் ஸ்டாக்டன்-டார்லிங்டன் ரயில்பாதை திறக்கப்பெற்றபோது, ஜார்ஜ் ஸ்டீவன்சனின் எஞ்சின் கரி வண்டிகளோடு மனிதரையும் இழுத்துச் சென்றது. சார்லஸ் பார்சன்ஸ் 1884-இல் உருவாக்கிய நீராவிச் சுழலி டைன் கரையில் பிறந்ததே. இன்று நெய்வேலியில் சுழலும் பெரும் சுழலிகளுக்கெல்லாம் அதுவே மூதாதை.

இந்தச் செல்வத்துக்கு விலையும் கொடுத்தார்கள். கேட்ஸ்ஹெட்டை அடுத்த ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812-இல் வாயு வெடித்து 92 பேர் மாண்டனர். சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். அந்தத் துயரமே ஹம்ஃப்ரி டேவி 1815-இல் காப்பு விளக்கு அமைக்கக் காரணமாயிற்று. ஸ்டீவன்சனும் அதே காலத்தில் தாமாக ஒரு விளக்கைச் செய்தார். எது முந்தியது என்ற வழக்கு அங்கே இன்றும் ஓயவில்லை. 1913-இல் டர்ஹாம் மாவட்டத்தில் மட்டும் சுரங்கத் தொழிலாளர் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர். வீட்டுக்கு ஒருவரோ இருவரோ பூமிக்கு அடியில் இருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

பின் அழிவு தொடங்கியது. ஜாரோ என்னும் ஊரில் பால்மர் கப்பல் தளம் ஒன்றே எல்லாருக்கும் சோறு போட்டது. முப்பதுகளின் தொடக்கத்தில் அது மூடப்பட்டதும், ஊரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையற்றவராயினர். 1936 அக்டோபரில் இருநூறு பேர் விண்ணப்பம் ஒன்றை ஒரு மரப்பெட்டியில் வைத்து ஏந்திக்கொண்டு, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் கால்நடையாக லண்டன் சென்றார்கள். பாராளுமன்றம் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டது, வேறொன்றும் செய்யவில்லை. வந்தவர்கள் ரயிலேறித் திரும்பினார்கள். கான்செட் நகரத்து எஃகு ஆலை 1980-இல் மூடியது. 1984 மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்துத் தோல்வியில் முடிந்தது. அதன்பின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அடைபட்டன. 2005-இல் எல்லிங்டன் சுரங்கம் மூடப்பட்டதோடு, அந்த வட்டாரத்தில் ஆழ்சுரங்கம் என்று சொல்ல ஒன்றும் எஞ்சவில்லை.

கோலார் தங்கவயலில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 2001 பிப்ரவரி இறுதியில் அங்கே சுரங்கம் மூடப்பட்டபோது, மூன்று நான்கு தலைமுறையாகக் குழிக்குள் இறங்கியவர்களின் மக்கள் பெங்களூருக்கு ரயிலேறிக் கூலிக்குச் செல்வோராயினர். தொழில் மறைந்த ஊரில் வருமானம் குறைகிறது என்பது மட்டும் அன்று துன்பம். 'நாங்கள் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள அதுவரை இருந்த சொல்லும் மறைகிறது.

இந்நிலையில்தான் கேட்ஸ்ஹெட் நகராட்சி ஒரு விந்தையான காரியத்தில் இறங்கியது. நகரின் தெற்கு எல்லையில், லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில் ஒரு மேடு இருந்தது. பழைய சுரங்கம் ஒன்றின் வாயிலில் தொழிலாளர் குளித்து உடைமாற்றிய கட்டடம் நின்ற இடம் அது. வெளியூரிலிருந்து வருவோர் கண்ணில் முதலில் படும் இடமும் அதுவே. அங்கே ஒரு பெருஞ்சின்னம் எழுப்ப எண்ணிச் சிற்பிகளிடம் திட்டம் கேட்டார்கள். 1994-இல் ஆன்டனி கார்ம்லி தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவர் இளமையில், 1971 முதல் 1974 வரை, இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கிப் பௌத்தத் தியானம் பயின்றவர். தம் உடலையே அச்சாக வார்த்துச் சிலை செய்வது அவர் வழக்கம். சாலை ஓரத்துக்குச் சிலை செய்வதில் முதலில் அவருக்கு விருப்பமில்லை. அந்த மேட்டைக் கண்டபின்னரே இசைந்தார்.

அவர் காட்டிய மாதிரியோ, இரு சிறகுகளை விரித்து நிற்கும் ஒரு மனித உரு. முகம் இல்லை, கண் இல்லை, கையில் விளக்கோ சம்மட்டியோ இல்லை. பறவைக்குரிய இறகும் இல்லை. பழைய ஆகாயவிமானத்தின் இறக்கையை மனிதத் தோளில் பொருத்தினாற்போன்ற அமைப்பு. 'வடதிசைத் தேவதூதன்' என்று அதற்குப் பெயர் சூட்டப்பெற்றது.

ஊரார் கொதித்தெழுந்தனர். பத்திரிகைகள் ஏளனம் செய்தன. சிலையை நிறுத்துக என்று ஓர் இயக்கமே தோன்றியது. வண்டியோட்டிகள் சிலையைப் பார்த்துக்கொண்டு ஒருவர்மீது ஒருவர் மோதுவர் என்றனர் சிலர். வேலையற்றோர் நிறைந்த ஊரில் எட்டு லட்சம் பவுன் செலவில் துருப்பிடித்த இரும்பா என்று கேட்டனர் பலர். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இல்லாத பணம் இதற்கு எங்கிருந்து வந்தது என்பதே அவர்கள் வினா. அவ்வினாவை அற்பமென்று தள்ள இயலாது. பணத்தின் பெரும்பகுதி தேசிய லாட்டரி நிதியில் கலைக்கென ஒதுக்கிய பங்கிலிருந்து வருகிறது, அதை மருத்துவமனைக்குத் திருப்ப வழியில்லை, உள்ளூர் வரிப்பணமும் அன்று என்று நகராட்சி விடை கூறியது. சட்டப்படி அது சரியான விடை. ஆயினும், லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களுள் ஏழைகளும் இருந்தார்கள் என்பதை எதிர்த்தவர்கள் மறக்கவில்லை.

சிலையின் அமைப்பைச் சற்று விளக்குவது நலம். உயரம் 20 மீட்டர். அதாவது குமரிமுனையில் பீடத்தோடு 133 அடி நிற்கும் வள்ளுவர் சிலையில் ஏறக்குறைய பாதி. அகலத்தில்தான் வியப்பு இருக்கிறது. ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை 54 மீட்டர். உடல் 100 டன்; சிறகுகள் ஒவ்வொன்றும் 50 டன். திறந்த மேட்டின்மேல் இவ்வளவு அகலமான ஒன்றை நிறுத்தினால், எடையைத் தாங்குவதைவிடக் காற்றைத் தாங்குவதே கடினம். சிறகு கப்பற்பாய் போலக் காற்றை வாங்கும். கணுக்காலோ மிகச் சிறியது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் புயலையும் எதிர்த்து நிற்கவேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதனால் அஸ்திவாரம் சிலையைக்காட்டிலும் பெரிய வேலையாயிற்று. சுமார் 20 மீட்டர் ஆழத்திலுள்ள பாறையை எட்டும்வரை கான்கிரீட் இறக்கி, நீண்ட எஃகுத் திருகாணிகளால் பாதங்களை அதனோடு பிணைத்தார்கள். சுரங்கத்துக்கு நினைவுச்சின்னம் வைக்கப் போய், மறுபடியும் பூமியைத் தோண்ட நேர்ந்தது.

உடல் முழுவதும் மேலிருந்து கீழாக வரிவரியாய் எலும்புபோல் புடைத்த பட்டைகளைக் காணலாம். அவை அழகுக்காகப் பொருத்தியவை அல்ல. கப்பலின் உட்புறத்தில் சட்டங்கள் அமைத்து அதன்மேல் தகடு வேய்வது கப்பற்கொல்லர் முறை. இங்கே அச்சட்டங்களை வெளிப்புறத்தில் வைத்திருக்கிறார்கள். காற்றின் விசையைச் சிறகிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து பாதத்துக்கும் இறக்கிவிடுவன அவையே. ஆகவே கப்பல் கட்டிய ஊரின் தொழில்நுட்பம் சிலையின் மேற்பரப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிறகுகள் நேர்கோட்டில் இல்லாமல் மூன்றரைப் பாகை முன்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. வருவோரை அணைக்கப் போகும் கைபோல் தோன்றவேண்டும் என்று சிற்பி விரும்பினாராம். ஒரு தோள்பட்டையில் சிறு கதவு ஒன்று உண்டு. உள்ளே இறங்கிச் சோதனை செய்வதற்கு அதுவே வழி.

துருவைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண இரும்பில் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு மேலும் அரிக்கும். சிறிதளவு செம்பு முதலியவை கலந்த ஒருவகை எஃகில், முதலில் படியும் துருவே இறுகிப் படலமாகி, ஈரமும் காற்றும் உள்ளே புகாதவாறு தடுத்துவிடும். வண்ணம் பூசத் தேவையில்லை. நாள் செல்லச் செல்ல நிறம் ஆழ்ந்து செம்மண் நிறமாகும். துருப்பிடித்த இரும்பு என்று பழித்தவர்கள் ஒருவகையில் உண்மையே பேசினார்கள். அந்தத் துருவே அதன் கவசம் என்பதைத்தான் கருதவில்லை.

அவ்வட்டாரத்துக் கைகளே சிலையைச் செய்தன என்பது முக்கியமான செய்தி. தெற்கே ஹார்ட்டில்பூல் துறைமுக நகரத்தின் பட்டறை ஒன்றில் தகடுகள் வெட்டிப் பற்றவைக்கப்பெற்றன. 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் இரவு, உடல் ஒன்று, சிறகு இரண்டு என மூன்று பாகங்களாக நெடிய வண்டிகளில் ஏற்றி, ஆள் நடக்கும் வேகத்தைவிடச் சிறிதே விரைவாகச் சாலையில் கொண்டுவந்தார்கள். நள்ளிரவிலும் மக்கள் தெருவோரம் நின்று பார்த்தார்கள். நம் ஊரில் தேர் வரும்போது நிற்பதுபோல் என்று சொல்லத் தோன்றுகிறது. மறுநாள் பெரும் பளுதூக்கிகள் உடலை நிமிர்த்திச் சிறகுகளைப் பொருத்தின.

இவ்வளவும் செய்து முடித்தபின் ஊராரின் மனம் எப்படி மாறிற்று? கலை விமரிசகர்கள் எழுதிய கட்டுரைகளால் அன்று. அவ்வாண்டு மே மாதத்தில் நியூகாசில் கால்பந்துக் குழு இங்கிலாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. குழுவின் நாயகர் ஆலன் ஷியரர். அவர் சட்டையின் எண் 9. ரசிகர்கள் சிலர் பிரம்மாண்டமான ஒரு சட்டை தைத்து, அதிகாலையில் கவணும் ரப்பர்ப் பந்தும் மீன்பிடி நூலும் கொண்டு சிலையின் தலைக்கு மேலே கயிறு எறிந்து, அச்சட்டையை அதற்கு அணிவித்துவிட்டார்கள். போலீசார் வந்து கழற்றும்வரை சுமார் இருபது நிமிடமே அது அங்கிருந்தது. படம் நாடெங்கும் பரவியது. எவனோ கொண்டுவந்து வைத்த சிலை, அன்றுமுதல் எங்கள் சிலை ஆயிற்று. கோப்பை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சாலையிலும் ரயிலிலும் அதைக் கடந்து செல்வோர் நாளொன்றுக்குச் சுமார் 90,000 பேர் என்று நகராட்சி கணக்கிட்டது. பின் டைன் கரையில் நடைபாலம் ஒன்றும், பழைய மாவாலை ஒன்றில் கலைக்கூடமும், இசையரங்கும் எழுந்தன. தேவதூதன் வந்ததால் கேட்ஸ்ஹெட் பிழைத்தது என்று எழுதுவோர் உண்டு. அதை நான் முழுதும் ஒப்பவில்லை. கலைக்கூடத்தில் சிலருக்கு வேலை கிடைத்தது உண்மை. ஆயிரக்கணக்கானோர் இறங்கிய சுரங்கத்தின் இடத்தை அது நிரப்பிவிடாது. நகரத்தின் பெயரை நாட்டார் நாவில் ஏற்றியது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

மற்றச் சின்னங்களைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். டார்லிங்டனில் டேவிட் மாக் 1997-இல் 1,85,000 செங்கற்களால் ஒரு ரயில் எஞ்சினைக் கட்டினார். பாதி குகைக்குள்ளும் பாதி வெளியிலுமாக, புகை பின்னோக்கிப் பறக்க அது பாய்கிறது. இரும்புக்குப் புகழ்பெற்ற ஊரில் செங்கல் எஞ்சின்! வௌவால்கள் குடியிருக்கத் துளையுள்ள கற்கள் சிலவற்றையும் வைத்திருக்கிறார்கள். எஃகு ஆலை போன கான்செட்டில், டோனி கிராக் என்னும் சிற்பி நிலமளக்கும் கருவிகள் இரண்டை இருபது மடங்கு பெரிதாக்கி, விலங்கின் கால்களோடு நிறுத்தியிருக்கிறார். ஆலை இருந்த மண்ணை இனி யாரேனும் புதிதாய் அளக்கட்டும் என்பதுபோல. சண்டர்லண்டில் மூடிய வேர்மவுத் சுரங்கத்தின் மேல் கால்பந்து மைதானம் கட்டி, 'ஒளியின் அரங்கம்' என்று பெயரிட்டு, வாயிலில் பெரியதொரு டேவி விளக்கை வைத்தார்கள். ஜாரோவில், லண்டனுக்கு நடந்தவர்களின் உருவம் வெண்கலத்தில் இருக்கிறது. 2001-இல் வைத்தது. அது நிற்பது ஒரு பேரங்காடியின் முன்றிலில். பசியால் நடந்தவர்களை அரிசியும் ரொட்டியும் விற்கும் கடைவாசலில் நிறுத்தியது பொருத்தமா, பொருத்தமின்மையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டீஸ் நதிக்கரையின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. மிடில்ஸ்பரோ நகரின் டார்மன் லாங் கம்பெனிதான் சிட்னித் துறைமுகத்துப் பெரும்பாலத்தை 1932-இல் கட்டி முடித்தது. அந்நகரின் பழைய கப்பல்துறையில் 2010-இல் 'டெமெனோஸ்' என்னும் சிற்பம் எழுந்தது. 110 மீட்டர் நீளம், 50 மீட்டர் உயரம். ஒரு வட்ட வளையத்துக்கும் ஒரு நீள்வட்ட வளையத்துக்கும் இடையே எஃகுக் கம்பிவலையை இழுத்துக் கட்டியது. மீன்வலை காற்றில் நின்றுவிட்டாற்போன்ற தோற்றம். செய்தவர் இருவர். அனிஷ் கபூர் மும்பையில் பிறந்தவர். பொறியியல் வல்லுநர் செசில் பால்மண்ட் இலங்கையில் பிறந்தவர்.

அதே 2010-இல், அதே ஆற்றின் முகத்துவாரத்தில், ரெட்கார் எஃகு ஆலையின் ஊதுலை அணைக்கப்பட்டது. அப்போது அவ்வாலையின் உடைமையாளர் யார் என்று ஜாம்ஷெட்பூர் நேயர்களுக்குச் சொல்ல வேண்டுமா? 2007-இல் டாட்டா எஃகுக் கம்பெனி ஐரோப்பாவின் கோரஸ் நிறுவனத்தை வாங்கியபோது, இவ்வாலையும் அதனோடு வந்தது. கொள்வார் இன்மையால் அது நின்றது. 2011-இல் தாய்லாந்துக் கம்பெனி ஒன்று வாங்கி மீண்டும் மூட்டியது. 2015-இல் இறுதியாக அவிந்தது. ஆலை வளாகத்தில் 'டார்மன் லாங்' என்று பெரிய எழுத்தில் பொறித்த கான்கிரீட் கோபுரம் ஒன்று ஐம்பதுகளிலிருந்து நின்றது. கரியைச் சேமித்து வைக்கும் கோபுரம் அது. அதைப் பாதுகாக்கவேண்டும் என்று சிலர் வேண்ட, 2021 செப்டம்பரில் பாதுகாக்கத்தக்க கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். சில நாளிலேயே பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அம்மாதமே வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடத்தைக் காலிசெய்தால் புதிய தொழில் வரும், வேலை வரும் என்பது தகர்த்தவர்களின் வாதம். அந்த ஊரில் அவ்வாதத்துக்குச் செவிசாய்த்தவர் பலர். பழைய கோபுரத்தைக் காக்க ஒரு தலைமுறையை வேலையின்றி வைப்பதா என்று அவர்கள் கேட்டால், வெளியூரில் இருந்துகொண்டு நாம் என்ன சொல்ல முடியும்? ஆயினும் ஒன்று. தொழிலாளர் தாமே கட்டி, தாமே நாள்தோறும் பார்த்த கோபுரம் வீழ, அத்தொழிலை ஒருபோதும் செய்யாதவர் வகுத்த சிற்பம் நிற்கிறது. மும்பையில் லோயர் பரேல் பக்கம் செல்லும் அன்பர்கள், ஃபீனிக்ஸ் ஆலை இருந்த இடத்துப் பளபளக்கும் கடைகளுக்கு நடுவே பழைய புகைபோக்கி நிற்பதைக் கண்டிருக்கலாம். அங்கே எவரும் சிலை வைக்கவில்லை. புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்தார்கள். எனக்கு அதுவே போதுமென்று தோன்றியதுண்டு.

இனி, தொழிலாளர் தாமே செய்துகொண்ட கலைக்கு வருகிறேன். என் மனம் இங்கேதான் அதிகம் தங்குகிறது.

டர்ஹாம் நகரில் சுரங்கத் தொழிலாளரின் திருவிழா ஒன்று உண்டு. 1871-இல் தொடங்கியது. ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமையன்று, சுற்றுவட்டாரத்து ஒவ்வொரு சுரங்க ஊரும் தன் பித்தளை வாத்தியக் குழுவோடு, தன் கொடியை முன்னே ஏந்தி நகருக்குள் ஊர்வலமாக வரும். கொடி என்றால் கம்பத்தில் பறக்கும் சிறு துணி என்று எண்ணவேண்டா. ஓர் அறைச்சுவரின் அளவுள்ள பட்டுத்துணி. இருபக்கமும் வண்ண ஓவியம். இரு கழிகளில் தாங்கி, காற்று தள்ளாதபடி முன்னும் பின்னும் கயிறு பிடிக்க ஆட்கள். லண்டனில் டட்டில் என்பவரின் பட்டறை இவற்றை வரைவதில் பேர்பெற்றது. ஆயினும் என்ன வரைய வேண்டும் என்று முடிவு செய்தவர் தொழிலாளரே. சங்கத் தலைவர் உருவம் ஒன்றில். கதீட்ரல் ஆலயம் ஒன்றில். விதவையும் குழந்தைகளும் சங்கத்தின் உதவி பெறும் காட்சி ஒன்றில். ஒற்றைக் குச்சி முறியும், கட்டு முறியாது என்று நாம் பள்ளியில் படித்த கதையும் அக்கொடிகளில் உண்டு. சாப்வெல் என்னும் ஊரின் கொடியில் மார்க்ஸும் லெனினும் இருப்பார்கள்; அக்கொடியும் மற்றக் கொடிகளோடு ஊர்வலத்தில் வரும்.

விழாவில் சில கொடிகளைக் கதீட்ரலுக்குள் எடுத்துச் செல்வார்கள். வாத்தியம் மெல்ல முழங்க, ஆயிரம் ஆண்டுப் பழமையை நெருங்கும் அக்கற்றூண்களுக்கிடையே பட்டுக் கொடி நகர்ந்து செல்லும். ஆலயத்தினுள்ளே சுரங்கத்தில் மாண்டவர்களுக்கு 1947-இல் அமைத்த நினைவிடம் ஒன்றும் உண்டு.

அவ்வாண்டில் ஒரு சுரங்கத்தில் எவரேனும் மாண்டிருந்தால், அவ்வூர்க் கொடியின்மேல் கருந்துணி போர்த்தி வருவார்கள். பார்க்கின்ற கூட்டம் ஓசையடங்கி வழிவிடும். 1951 மே 29-ஆம் நாள் ஈசிங்டன் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்து, மீட்கச் சென்ற இருவர் உட்பட 83 பேர் இறந்தனர். இதுபோன்ற நாளில் கருந்துணி போர்த்த கொடி செய்யும் வேலையை எஃகுச் சிலை செய்ய இயலுமா? சிலை எல்லா நாளும் ஒன்றுபோல் நிற்கும். கொடியோ ஆண்டுக்கு ஒருமுறை, அவ்வாண்டின் துக்கத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வரும்.

1985 மார்ச்சில், வேலைநிறுத்தம் தோற்றபின், தொழிலாளர் தலைகுனிந்து தனித்தனியே சுரங்கத்துக்குத் திரும்பவில்லை. பல ஊர்களில் கொடியை முன்னே பிடித்து, வாத்தியம் முழங்க அணிவகுத்தே திரும்பினார்கள்.

சுரங்கங்கள் யாவும் மூடியபின் இவ்விழா தானே ஓய்ந்துவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. பழைய பட்டு நைந்துபோன ஊர்களில், சுரங்கத்தையே கண்ணால் காணாத இளைஞரும் சேர்ந்து பணம் திரட்டி, அதே ஓவியத்தோடு புதுக்கொடி செய்விக்கத் தொடங்கினார்கள். சில ஊர்களில் பள்ளிச் சிறுவர்கள் தங்களுக்கென்று தனிக்கொடி செய்துகொண்டார்கள். அண்மைக் காலத்து விழாக்களில் லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடியிருக்கிறார்கள். தேவதூதனை வைக்க எட்டு லட்சம் பவுன் வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் ஒரு கொடிக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதைச் சுமக்கவும் கயிறு பிடிக்கவும் ஆள் வேண்டும் என்பதே அதன் சிரமம்.

ஆயினும் தேவதூதனைக் குறைத்துச் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. அதன் அடிவாரத்துச் சரிவில் மரங்கள் அடர்ந்த ஒரு சிறு தோப்பு உண்டு. நகராட்சியோ சிற்பியோ திட்டமிடாத ஒன்று சில ஆண்டுகளாக அங்கே நடந்துவருகிறது. தாயையோ தந்தையையோ குழந்தையையோ இழந்தவர்கள் அங்கு வந்து, இறந்தவர் பெயர் எழுதிய அட்டை, நிழற்படம், பூங்கொத்து, சிறு பொம்மை இவற்றைக் கிளைகளில் கட்டிச் செல்கிறார்கள். கால்பந்துக் கழுத்துத்துணியும் சில கிளைகளில் தொங்கும். மழையில் எழுத்து அழிந்தால் மறுபடி வந்து எழுதுகிறார்கள்.